வெடைக்கோழிக்குப் போட்ட தையல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். மூக்கு நுனியோடு நின்றால் பரவாயில்லையே, இவளுக்குக் கைக்கு வந்துவிடுகிறதே என்பார். உண்மைதான். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசிவிடுவேன். கரண்டி, சீப்பு, ஒருமுறை அவருடைய டிபன் பாக்ஸ். வீசிய அடுத்த நிமிஷம் நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். அப்படிப் பொறுக்க முடியாத ஒன்றையும் ஒருநாள் வீசினேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. பருத்திப்பட்டில் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, நடுச்சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நான் வாசல் அறையில் மெஷினைப் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். தையலில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. லைனிங் வைத்த பிளவுஸ் என்றால் குவார்ட்டர்ஸிலிருந்துகூட நடந்து என்னிடம் வருவார்கள். மேல்துணியும் உள்துணியும் ஒரே துணிபோல் படிந்து கிடக்கும், எங்கேயும் ஒரு சுருக்கம் இருக்காது.

அடுத்த வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வருவாள். அந்தக் கோடையில் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து அவள் வளர்த்த கோழிகள் அத்தனையும் இரண்டே நாளில் போய்விட்டன. மிஞ்சியது ஒரு செவலைக் குஞ்சு. அதை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, மடியில் போட்டுத் தீனி கொடுத்து, வெடையாக்கியிருந்தாள். வெடை என்றால் இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. "இது போட்டு அடைகாத்தாத்தான் எனக்கு மறுபடியும் கோயி" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் வேலைக்குப் போனதும் அந்த வெடைக்கு எங்கள் வீடுதான் பொழுதுபோக்கு. துரத்தினால் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி நின்று கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்க்கும். 'முடிந்ததா உன் கத்தல்?' என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

அன்று மழை விட்டிருந்த நேரம். ஒரு டீச்சரம்மாவின் சந்தன நிறப் பட்டுத் துணியைப் பாயில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். முன்பாகம் வெட்டியாகிவிட்டது. சேறும் சகதியுமான காலோடு வெடை உள்ளே வந்தது. விரட்டினேன். மறுபடி வந்தது. விரட்டினேன். மூன்றாம் முறை வெட்டிய பட்டின் மேல் நேராக நடந்தது, நடந்துவிட்டு நடுவில் நின்று எச்சமும் போட்டது. கையில் பெரிய கத்தரி இருந்தது. வீசிவிட்டேன்.

கோழி சின்னதாக ஒரு சத்தம்தான் போட்டது. இரண்டு இறகு பறந்தது. அது வெளியே ஓடிவிட்டது. தப்பித்தது என்றுதான் நினைத்தேன். பட்டைத் தூக்கி அலசி, காயவைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுத்தான் வாசலைப் பார்த்தேன்.

குழாயடியில் அக்கா காலையில் இறைத்துவிட்டுப் போன நொய்யை அது கொத்திக்கொண்டிருந்தது. கொத்தியது, விழுங்கியது. விழுங்கிய நொய் நெஞ்சு வழியாக ஈரமாகக் கீழே விழுந்தது. விழுந்ததையே மறுபடி கொத்தி விழுங்கியது. அதுவும் விழுந்தது. அதற்கு ஒன்றும் புரியவில்லை. பசி அடங்கவில்லை, தின்றுகொண்டே இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதைப் பிடிக்கக் கஷ்டமே இல்லை. மடியில் வைத்து இறகை விலக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, நெஞ்சோரம், கோழிக்குத் தீனிப்பை இருக்கிறது. தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் போய்த் தங்கும். அந்த இடத்தில் என் நடுவிரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து, தோலோடு பையும் கிழிந்திருந்தது. ரத்தம் அதிகம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். என்னை முந்திக்கொண்டு என் வாய் சொல்லிவிட்டது. "அக்கா, நாய் கடிச்சிருச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள். கோழியை வாங்கினாள். விரலால் காயத்தை விலக்கிப் பார்த்தாள். கிழிந்த ஓரத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவினாள்.

"எந்த நாயி?"

"கறுப்பா ஒண்ணு வருமே."

"ஏரிக்கரைப் பக்கம் சுத்திகினு கீதே, அதுவா?"

"இல்லக்கா, வேற. காது வெள்ளையா இருக்கும்."

பொய் சொல்லத் தொடங்கினால் காதுக்குக்கூட வர்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது. அக்கா தலையை ஆட்டினாள். பிறகு கோழியை என் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"நீதான் தைக்கிறவ ஆச்சே. தைச்சுடு."

"கோழியையா?"

"பின்ன? எங்காளுங்க தைப்பாங்க. நெல்லு ஜாஸ்தி துன்னு அடைச்சிகினா அறுத்து எட்த்துட்டு ஊசி நூலால தைச்சுடுவாங்க. பொயச்சிக்கும்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோமா?"

"கோயிக்கா? சிரிப்பாங்க. நான் புட்ச்சிக்கிறேன், நீ தையி."

ஊசியையும் வெள்ளை நூலையும் வெந்நீரில் கொதிக்க வைத்தேன். அக்கா பழைய பாவாடையில் கோழியைச் சுற்றி, கண்ணை உள்ளங்கையால் மூடி, வாசல் வெளிச்சத்தில் மல்லாத்திப் பிடித்தாள். மூடியதும் அது அடங்கிவிட்டது. நான் உப்புத்தண்ணீரால் கழுவினேன். உள்ளே ஒரு மெல்லிய பை, வெளியே தோல். இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. எனக்கு அது பழகிய வேலையாகத் தெரிந்தது. லைனிங்கும் மேல்துணியும். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, உள்ளதையும் வெளியதையும் ஒன்றாகப் பிடித்து, நெருக்கமாகத் தைத்து முடித்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினேன்.

"ஜாக்கெட்டு மாதிரியே கீது" என்றாள் அக்கா.

வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"பகல்ல நான் இருக்கமாட்டேன். நீயே வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் கோணியை மடித்துப் போட்டு அதில் வைத்தேன். வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அடுத்த வீட்டுக் கோழிக்கு நம்ம வீட்டுல என்ன பிரசவமா?" என்று கேட்டார். நாய் கடித்தது என்றேன். அவரிடமும்தான்.

இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. ஊறவைத்த நொய் தின்றது. ஒன்றும் கீழே விழவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையைத் திறந்தால் ஒரு புளித்த வாடை. தையலைச் சுற்றித் தோல் வீங்கி, ஊசி போன துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கொண்டை வெளுத்துவிட்டது. கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. தொட்டாலும் திறக்கவில்லை.

"பாவம், வதைக்காதே. அக்கா ஓவர்டைம் முடிஞ்சு வந்ததும் இன்னைக்கே அறுத்துரச் சொல்லு" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கோழி என்பது அப்படி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எனக்கு மட்டும்தான் அது செத்தால் நான் கொன்றதாகிவிடும்.

"ஏங்க, நீங்க கொஞ்சம் பிடிங்க" என்றேன்.

பிடித்தார். நான் அதன் கழுத்தைத் தண்ணீர் கொடுப்பதற்காக மெல்ல நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். கழுத்து நீண்டதும் தோல் ஒரு பக்கம் நகர்ந்தது. உள்ளே இருந்த பை நகரவில்லை. என் தையல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தது. துளை ஒவ்வொன்றும் வாயைத் திறந்தது. கழுத்தைச் சுருக்கியதும் மூடியது. கோழி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுத்தை நீட்டும்! நீட்டிய ஒவ்வொரு தடவையும் நான் போட்ட தையலே அதைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிளவுஸில் உள்துணியும் மேல்துணியும் சேர்ந்து நகர வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கும். பத்து வருஷம் அதைச் செய்துசெய்து, உயிரோடு இருக்கிற உடம்புக்கும் நான் லைனிங் கொடுத்திருக்கிறேன். தோல் வேறு, பை வேறு. இரண்டும் ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன, தனித்தனியாகவும் அசைகின்றன. தையல் தெரியாத யாராவது தைத்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகக் கெடுத்திருக்க முடியாது.

பிரிக்கத் தொடங்கினேன். பாதி பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே புளித்துக் கிடந்ததை வெந்நீரில் கழுவி வெளியே எடுத்தேன். நொய், ஒரு கீரைத் தண்டு, சின்னச் சின்னக் கல், நடுவில் என்னுடைய பிளவுஸ் கொக்கி ஒன்று. இரண்டு வாரமாகப் பாக்கெட்டில் ஒன்று குறைகிறதே என்று தேடிக்கொண்டிருந்தேன். "திருடி" என்றேன்.

கழுவி முடித்ததும் அந்தப் பையைச் சரியாகப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் தொட்ட துணி எதுவும் அவ்வளவு மெல்லியதாக இருந்ததில்லை. வெளிச்சத்தில் அதற்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல் தெரிந்தது. நூலைவிடச் சன்னமாக ரத்தக் குழாய்கள் ஓடின, ஒன்று இரண்டாகப் பிரிந்து, இரண்டு நான்காகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரைக்கும். அதில் பெரியது ஒன்றில்கூட என் கத்தரி படவில்லை. ஒரு அரிசி அகலம் தள்ளிப் பட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். விரல் நுனிக்கு அடியில் இதயம் அடித்தது. எண்ணவே முடியாத வேகம். சாகக் கிடக்கிற ஒன்றுக்குள் இவ்வளவு அவசரமாக வேலை நடந்துகொண்டிருக்கிறதே என்று மலைத்துப்போனேன். தினமும் 'சூ, சூ' என்று விரட்டிய அற்பக் கோழிக்குள்ளே இவ்வளவு இருந்திருக்கிறது. பஸ்ஸில் என்னை இடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குள்ளும், பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இவருக்குள்ளும் இதெல்லாம் இருக்கும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

"ஆச்சா?" என்றார் அவர்.

"இருங்க."

டீச்சரம்மாவின் பிளவுஸுக்காக வாங்கிய பட்டு நூல் இருந்தது. அதில் ஒற்றை இழையைப் பிரித்துக் கொதிக்க வைத்து, பையை மட்டும் முதலில் தைத்தேன். ஓரத்தை உள்பக்கமாக மடித்து, பிசிறு வெளியே வராமல், இறுக்காமல். தைத்துவிட்டு வாய்வழியாகக் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பார்த்தேன். பை உப்பியது. ஒரு சொட்டு கசியவில்லை. பிறகு அதைத் தொடாமல் தோலை இழுத்து, இடைவெளி விட்டு, தளர்வாக ஆறு தையல். கழுத்தை நீட்டிப் பார்த்தேன். தோல் நகர்ந்தது. பை தன் இடத்தில் இருந்தது.

அன்று முழுக்க அது கண்ணைத் திறக்கவில்லை. பேனாவுக்கு மை போடும் ஃபில்லரில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்து அலகோரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். மெஷினை ஓட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. சத்தம் நின்றால் அது தலையை அசைத்தது, ஓடினால் அமைதியாக இருந்தது. ஆகவே வேலை இல்லாத நேரத்திலும் வெறுந்துணியை வைத்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை கண்ணைத் திறந்தது. மூன்றாம் நாள் தண்ணீரைத் தானாகக் குடித்தது. பிறகு தண்ணீர்போல் கேழ்வரகுக் கூழ். ஐந்தாம் நாள் காலையில், கோணியில், கெட்டியாக, வெள்ளை நுனியோடு ஒரு எச்சம். "ஏங்க, இங்க வாங்களேன், வந்து பாருங்களேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் முகத்தில் பாதி சோப்போடு சவரக் கத்தியைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பட்டில் போட்டதற்காகக் கத்தரியை வீசியவள் நான்.

ஒவ்வொரு சாயங்காலமும் அக்கா கம்பெனியிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வருவாள். "இன்னா பண்றா நம்ம பொண்ணு?" என்பாள். கூடையைத் திறந்து பார்ப்பாள். நான் கொடுக்கும் டீயைக் குடிப்பாள். நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவள் கேட்காததால் நானே சொல்லுவேன். இன்று அந்த நாய் வரவில்லை, நேற்றுக்கூடக் கண்ணில் படவில்லை என்று. "அப்டியா" என்பாள். அவள் எழுந்து போனதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். கோழி பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தினமும் தள்ளிப்போட்டேன். பிழைக்காவிட்டால்? அதற்கு மேல் நினைக்கத் தைரியம் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தோல் தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். நூலை வெட்டி இழுத்தால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் ஓரமே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. விரலால் தடவித் தேடித்தான் கிழிந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அதன் மேல் ஊசிமுனைபோல் புது இறகுகள் வரிசையாகக் குத்திக்கொண்டு நின்றன. இத்தனை வருஷத்தில் தையலே இல்லாமல் போகும்படி நான் எதையும் தைத்ததில்லை. நன்றாகத் தைத்தால் தையலை ஒளித்துவைக்கலாம், அவ்வளவுதான். பிரித்தால் இரண்டு துண்டுதான். இங்கே பிரித்த பிறகுதான் ஒட்டியிருப்பது தெரிந்தது. நான் செய்ததெல்லாம் இரண்டு ஓரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. மற்றதை அது தானாகவே, கூடையில் கண்ணை மூடிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் செய்திருக்கிறது. எனக்கு அதைக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கும்பிட்டேன்.

அக்காவுக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வெளியே விட்டோம். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். அக்கா ஒரு பிடி நொய்யை மண்ணில் இறைத்தாள். வெடை கூச்சத்தோடு இரண்டடி வைத்தது. உடம்பை உதறிக்கொண்டது. ஒரு மணியைக் கொத்தி விழுங்கியது. நான் அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. அடுத்தது. அதுவும் விழவில்லை. பிறகு அது வேகமாகக் கொத்த ஆரம்பித்தது. தீனிப்பை மெல்ல மெல்லப் புடைத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து நின்றது.

"அக்கா" என்றேன். "நாய் கடிக்கல. நான்தான் கத்தரிய எடுத்து எறிஞ்சேன்."

"தெரியும்" என்றாள் அக்கா, கோழியைப் பார்த்தபடியே.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. நாயி வாய் வச்சா கந்தலாப் பூடும். இது வெட்டு."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் காது வெள்ளை, வால் கறுப்பு என்று என்னைப் புலம்ப விட்டு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று. "அப்புறம் எதுக்கு என்கிட்டயே விட்டுட்டுப் போனீங்க?" என்றேன், சண்டைக்குப் போகிறவள்போல.

"வேற யாராண்ட உடுவேன்? வேற யாராயிருந்தாலும் ரெண்டு நாள் பாத்துட்டு, கொயம்பு வச்சுடுன்னு சொல்லிருப்பாங்க. நீ சொல்லமாட்ட. என்னை வுட உனக்குத்தான் இது பொயச்சாவணும்னு கீது."

வெடை கொத்துவதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஒருவேளை செத்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

அக்கா கையில் ஒட்டியிருந்த நொய்த்தூளைத் தட்டிவிட்டாள்.

"இன்னா பண்றது? நாயிதான் கட்ச்சிச்சுன்னு நானும் சொல்லிகினு இருந்துருப்பேன். எம்மா வருசமானாலும் சரி. எனக்குத் தெரியும்னே உனக்குத் தெரிஞ்சிருக்காது."

சொல்லிவிட்டு எழுந்துபோய் வெடையைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அதையும் பார்க்காதவள்போல வீட்டுக்குள் போய்விட்டாள்.